பழைய போட்டோ புதுசாக்கித் தரப்படும்: கொங்குப் பக்கத்து ஸ்டுடியோ, ஸ்கேனர், பிரேம் கடை பற்றி ஒரு மதிப்பீடு

கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் என்று எந்த ஊர்க் கடைவீதிக்குப் போனாலும் "பழைய போட்டோ புதுசாக்கித் தரப்படும்" என்ற பலகை கண்ணில் படும். அந்த ஒரு வரிக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. அசலிலிருந்து காப்பி எடுப்பது ஒன்று, கம்ப்யூட்டரில் கறையும் கிழிசலும் எடுப்பது இன்னொன்று, பிரிண்ட் போட்டு பிரேம் மாட்டுவது மூன்றாவது. கடைக்காரர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே விலை சொல்வார். நாமும் கடைசியில் கைக்கு வரும் பிரேம் பளபளவென்று இருந்தால் நல்ல கடை என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

கோளாறே இந்த அளவுகோலில்தான். சுவரில் மாட்டிய பிரிண்ட் எப்படியும் ஒரு நாள் வெளுக்கும், வெள்ளையடிக்கும்போது கழற்றப்படும், வேறொன்று வரும். பேரன் பேத்தி கைக்குப் போய்ச் சேர வேண்டியவை வேறு: சேதமில்லாத அசல், அதிலிருந்து எடுத்த திருத்தாத ஸ்கேன், படத்தில் இருப்பவர் யார் என்ற குறிப்பு. இந்த மூன்றையும் ஒரு கடை எப்படிக் கையாளுகிறது என்பதை வைத்துத்தான் இங்கே நல்லது கெட்டது சொல்லியிருக்கிறோம். கடைப் பேர் எதுவும் இல்லை. ஒரே கடையில் ஆள் மாறினாலே வேலை மாறிவிடுகிறது.

காப்பி எடுக்கும் வேலை

பெரும்பாலான ஸ்டுடியோக்களில் ஆல்-இன்-ஒன் பிரிண்டரின் மூடியைத் திறந்து, படத்தைக் கவிழ்த்து, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஒரு ஸ்கேன். முடிந்தது. 4-க்கு 6 அங்குலப் படம் ஒன்றை அப்படி எடுத்தால் 1200-க்கு 1800 புள்ளிகள், அதாவது சுமார் 2 மெகாபிக்சல். அதே அளவில் மறுபடி பிரிண்ட் போட மட்டும் போதும், பெரிதாக்க ஆகாது. 600 டிபிஐயில் எடுத்தால் 2400-க்கு 3600. தாராளமாக 8-க்கு 12 போடலாம். சட்டைப்பை அளவு படத்துக்கும் பாஸ்போர்ட் படத்துக்கும் 1200 வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் ஃபைல்தான் பெருக்கும், படத்தில் இல்லாத நுணுக்கம் வந்துவிடாது. "4800-ல எடுத்துத் தர்றோமுங்க" என்று ஒரு கடை பெருமை பேசினால் அது வேலை தெரிந்ததன் அடையாளம் இல்லை.

பழைய கல்யாணக் குரூப் போட்டோ தனி ஜாதி. 10-க்கு 12 அங்குலம், கனத்த மவுண்ட் அட்டையில் ஒட்டியது, ஐம்பது அறுபது தலைகள். ஒரு முகம் 7 மில்லிமீட்டர்தான் இருக்கும். 300 டிபிஐயில் அந்த முகத்துக்குக் கிடைப்பது சுமார் 80 புள்ளிகள். கண் எது, மூக்குத்தி எது என்று தெரியாது. 600-ல் 165 கிடைக்கும், அங்கேதான் ஆளை அடையாளம் சொல்ல முடியும். ஆனால் ஏ4 ஸ்கேனரின் அகலம் எட்டரை அங்குலம். படம் முழுசாக உட்காராது. இரண்டு பாகமாக, ஒன்றன்மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு ஏறும்படி ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் இணைக்க வேண்டும். வளைந்த மவுண்ட் அட்டையை ஸ்கேனர் மூடியால் அமுக்கினால் அட்டையோடு படமும் முறியும். அந்த முறிவு போகவே போகாது. இந்த அளவுக்கு கேமராவே மேல். எனவே கடையில் முதல் கேள்வி: "குரூப் போட்டோவ எப்படிங்க எடுப்பீங்க?" பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த கடை பார்க்கலாம்.

கேமராவில் எடுக்கத் தெரிந்தவர் செய்வது இது. படம் கிடைமட்டமாக மேசையில், கேமரா நேர் மேலே ஸ்டாண்டில். இரண்டு பக்கமும் 45 பாகைச் சாய்வில் ஒரே மாதிரி இரண்டு விளக்கு. ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் அணைந்திருக்கும். கேமரா நேராக இருக்கிறதா என்று பார்க்க, படம் வைக்கும் இடத்தில் ஒரு கைக்கண்ணாடியை வைத்து வ்யூஃபைண்டரில் பார்ப்பார்; லென்ஸின் பிம்பம் நடுவில் விழுந்தால் நேர். மேக்ரோ லென்ஸ், எஃப்/8, ஐஎஸ்ஓ 100, இரண்டு விநாடி டைமர், ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூல ஃபைல்). முதல் ஷாட்டில் ஓரத்தில், நிறம் சரிபார்க்க, ஒரு சாம்பல் நிற அட்டை. இதைச் செய்கிற ஸ்டுடியோவுக்குக் கேட்ட காசைக் கொடுக்கலாம்.

மவுண்ட் அட்டையின் கீழ்ப் பகுதியில் ஸ்டுடியோ பேரும் ஊரும் புடைப்பாக அச்சாகியிருக்கும். காப்பி எடுப்பவர் முதல் காரியமாக அதை வெட்டிவிட்டு முகங்களை மட்டும் வைத்துக்கொள்வார். படம் எந்த ஊரில், எந்தக் காலத்தில் எடுத்தது என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி பல சமயம் அதுதான். அட்டையின் நாலு ஓரமும் தெரிய ஒரு ஷாட், படத்தின் முதுகுப் பக்கம் ஒரு ஷாட் என்று சீட்டிலேயே எழுதி வாங்குவது நல்லது. முதுகில் எழுத்தோ முத்திரையோ இல்லாவிட்டாலும் எடுக்கச் சொல்ல வேண்டும். இல்லை என்பதும் ஒரு தகவல்.

எந்தப் படம் எப்படிக் கெடுகிறது

இது தெரியாத கடையில் கொடுத்தால் கறை எடுப்பதாகச் சொல்லி விவரத்தையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள்.

1970-கள் வரை ஊர் ஸ்டுடியோக்களில் போட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சில்லாத நார்க் காகிதத்தில் ஜெலட்டின் பூசி, அதில் வெள்ளித் துகளால் உருவம் விழுந்தவை. பக்கத்திலேயே ஊட்டியில் 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' (Indu) என்ற பேரில் ஃபிலிமும் பேப்பரும் தயாரித்தது. அந்தப் பேர் உள்ள கவரோ டப்பாவோ வீட்டில் கிடைத்தால் 1967-க்குப் பிந்தியது என்று வைத்துக்கொள்ளலாம், உற்பத்தி அந்த வருஷம்தான் தொடங்கியது. இந்த வகைப் படத்தில் கறுத்த பகுதிகளின் மேல், குறிப்பாக ஓரங்களில், நீலமாகப் பாதரசம் தேய்த்தது போல ஒரு பளபளப்பு ஏறும். வெள்ளி மேலே வந்து படிவதால் வருவது. துடைத்தால் போகாது, துடைத்தால் படமே போகும். ஸ்கேனரில் வைத்தால் அந்த இடம் சாம்பலாக மங்கித் தெரியும். இதற்கு வழி, மினுக்கத்தை வடிகட்டும் போலரைசர்தான்: இரண்டு விளக்கின் முன்னும் போலரைசிங் தாள், லென்ஸில் போலரைசர் ஃபில்டர், அதைத் திருப்பித் திருப்பிப் பளபளப்பு மறையும் இடத்தில் நிறுத்தி எடுப்பது. கோவை அளவு ஊரிலும் இதைக் கேட்டால் செய்து தருபவர்கள் குறைவு.

அடுத்தது 'சில்க்' பேப்பர். தேன்கூடு மாதிரி மேடு பள்ளம் உள்ள தாளில் போட்ட கலர்ப் படம். ஸ்கேன் செய்தால் முகமெல்லாம் வெள்ளைப் புள்ளி. கடைக்காரர் உடனே 'ப்ளர்' போட்டு அழிப்பார். புள்ளியோடு கண் இமையும் போகும். சரியான முறை, படத்தை ஒரு தடவை நேராகவும், 180 பாகை திருப்பி இன்னொரு தடவையும் ஸ்கேன் செய்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மேலடுக்கை 50 சதவீதம் ஆக்குவது. ஒரு பக்கத்திலிருந்து விழுந்த மினுக்கம் மறு ஸ்கேனில் எதிர்ப் பக்கம் விழுவதால் ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளும்.

செம்மண் நிறத்துக்கு மாறிப்போன எழுபது, எண்பதுகளின் கலர்ப் படங்களில் நீலப்பச்சைச் சாயம் மற்ற இரண்டையும் விட வேகமாக வெளுத்திருக்கும். பீரோவுக்குள் இருட்டில் இருந்தாலும் வெளுக்கும். பல கடைகள் "கலர் வராதுங்க, பிளாக் அண்ட் வொயிட்டா மாத்திரலாம்" என்று சொல்லிவிடும். பெரும்பாலும் வரும். நிற வித்தியாசங்களை நுணுக்கமாகப் பதியும் 48 பிட் கலரில் ஸ்கேன் செய்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சாஃப்ட்வேரின் 'லெவல்ஸ்' கருவியில் தனித்தனியாக இழுத்தால் சேலை நிறம் முக்கால்வாசி திரும்பிவிடும். 24 பிட்டில் எடுத்ததை அவ்வளவு இழுத்தால் வானமும் சுவரும் பட்டை பட்டையாகப் பிரியும்.

கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படம் நிறைய வீடுகளில் உண்டு. கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி விடாமல் பிரேம் போட்டது, மழைக்காலத்தில் ஜெலட்டின் இளகிப் பிடித்துக்கொள்கிறது. பொள்ளாச்சி, ஆனைமலை, வால்பாறைப் பக்கம் இது அதிகம். உரிக்கவே கூடாது. தண்ணீரில் ஊறவைத்து எடுத்துத் தருகிறோம் என்று சொல்லும் கடையில் கொடுக்கவும் கூடாது. பிரேமை மட்டும் பின்பக்கமாகக் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே காப்பி எடுக்க வேண்டும்.

வீட்டு ஸ்கேனர்: எது தேறும்

நூறு படத்துக்கு மேல் இருந்தால் கடைக்குத் தூக்கிக்கொண்டு அலைவதை விட தட்டைக் கண்ணாடிப் பலகை உள்ள ஃப்ளாட்பெட் ஸ்கேனர் ஒன்றை வாங்கி, வேலை முடிந்ததும் பங்காளி, சம்பந்தி வீடுகளுக்குச் சுற்றில் விடுவது லாபம்.

கேனன் லைட் 300, எப்சன் வி39 வரிசை இரண்டும் மெலிந்தவை, யூஎஸ்பி வயரிலேயே மின்சாரம் எடுப்பவை. கேனனில் 2400, எப்சனில் 4800 டிபிஐ என்று பெட்டியில் இருக்கும். நமக்குத் தேவை 600-ம் 1200-ம்தான் என்பதால் அந்த வித்தியாசத்துக்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. தட்டையான தனிப் படங்களுக்கு இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. குறை ஒன்று, பெரிய குறை: இவற்றின் சென்சார் சிஐஎஸ் வகை. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பது மட்டுமே தெளிவாக விழும். விளிம்பு சுருண்ட படம், ஆல்பம் தாளில் சற்றே தூக்கி நிற்கும் படம், பிரேம் கண்ணாடியில் ஒட்டிய படம், எல்லாம் மங்கும். 2 மில்லிமீட்டர் தூக்கினாலே வித்தியாசம் தெரியும்.

எப்சன் வி600 சிசிடி வகை. மேற்சொன்ன மூன்றையும் சமாளிக்கும், நெகடிவும் ஸ்கேன் செய்யும். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரே தடவை 12 ஃப்ரேம் வைக்கலாம். ஸ்டுடியோக்காரர்கள் பயன்படுத்திய 120 ரோல் நெகடிவும் அடங்கும். பழைய அரை பிளேட்டுக் கண்ணாடி நெகடிவ் அடங்காது, ஒளி விழும் பாதை அவ்வளவு அகலம் இல்லை. 6400 டிபிஐ என்று விளம்பரம். ஃபிலிமிலிருந்து மெய்யாகக் கிடைக்கும் நுணுக்கம் அதில் நாலில் ஒரு பங்கு அளவுதான். அதனால் 2400-ல் வைத்து எடுத்தாலே போதும். இதில் வரும் தூசி நீக்கும் 'டிஜிட்டல் ஐஸ்' கலர் நெகடிவுக்கு அருமையான வசதி. கறுப்பு வெள்ளை நெகடிவுக்கு அதை அணைத்துவிட வேண்டும்: அது அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டுபிடிக்கிறது, வெள்ளித் துகளும் அந்தக் கதிரை மறைப்பதால் படத்தையே தூசி என்று எண்ணித் தின்றுவிடும்.

மூன்றுக்கும் பொதுவான அமைப்பு: ஆட்டோ முறையை விட்டு 'புரொஃபஷனல்' அல்லது அதற்கு இணையான முறைக்குப் போக வேண்டும். ஷார்ப்பன், தூசி நீக்கம் (கலர் நெகடிவுக்கு மேலே சொன்ன 'டிஜிட்டல் ஐஸ்' தவிர), ஆட்டோ கலர் எல்லாம் அணைத்து வைக்க வேண்டும். கறுப்பு வெள்ளையானாலும் கலரிலேயே ஸ்கேன் செய்ய வேண்டும். பழுப்புக் கறை எது, படம் எது என்று பிற்பாடு பிரிக்க நிற வேறுபாடு உதவும், கையால் வண்ணம் தீட்டிய படமானால் சொல்லவே வேண்டாம். தரம் குறையாத டிஃப் (TIFF) ஃபைலாகச் சேமிக்க வேண்டும். 4-க்கு 6 படம் 600 டிபிஐயில், 24 பிட் கலரில் 26 எம்பி ஆகும். கண்ணாடிப் பலகையில் நாலு படத்தை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் அடுக்கி ஒரே மூச்சில் எடுக்கலாம். ஆனால் சாஃப்ட்வேர் தானாக வெட்டித் தருவதை நம்பினால் ஓரங்கள் போகும், கையால் கட்டம் போட்டுக்கொள்வது மேல். படத்தின் தூசியை ஊதுகுழல் பல்பால் மட்டும் தட்ட வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், ஈரத்துணி பட்டால் ஜெலட்டின் கீறும்.

போனில் உள்ள கூகுள் போட்டோஸ்கேன் ஆப் 2016 முதல் இருக்கிறது. ஒரே படத்தை ஐந்து கோணத்தில் எடுத்து, கண்ணாடி மினுக்கத்தைக் கழித்து ஒன்றாக்கித் தரும். பெரிய வீட்டில் சுவரை விட்டுப் படத்தை இறக்கவே விடமாட்டார்கள் என்ற இடத்துக்கு இது கைகொடுக்கும். முன்கூடமான ஆசாரத்து நிழலில், வாசலுக்கு முதுகு காட்டாமல் நின்று எடுத்தால் தேவலை. ஆனால் இதை அடையாளம் கேட்பதற்கான காப்பியாகத்தான் கொள்ளலாம். இதை வைத்துக்கொண்டு அசலைத் தூக்கிப்போட்டால் பாழ்.

பழுது நீக்கம்: இங்கேதான் ஏமாற்றம் அதிகம்

கிழிசலை இணைப்பது, பூஞ்சைப் புள்ளியை எடுப்பது, மடிப்புக் கோட்டை மூடுவது எல்லாம் நியாயமான வேலை. கைதேர்ந்த ஆள் ஒரு முகத்துக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். இப்போது பல கடைகளில் ஏஐ ஆப்பில் போட்டு ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுக்கிறார்கள். முதல் பார்வைக்கு அசந்துபோவோம். அசலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்: மங்கிய முகத்தை அது துலக்கவில்லை, தனக்குத் தெரிந்த முகங்களை வைத்து ஒரு புது முகம் வரைந்திருக்கிறது. மாறுகண் நேராகியிருக்கும், அம்மைத் தழும்பு போயிருக்கும், மூடிய வாயில் பல்வரிசை முளைத்திருக்கும். கொங்கு நாட்டுப் பழைய படங்களில் வயசான அம்மாக்கள் பின்கொசுவம் வைத்த சேலையோடு, ரவிக்கை இல்லாமல் உட்கார்ந்திருப்பது சாதாரணம். ஆப்பும் போடும், கடைக்காரரும் போடுவார், ஒரு ரவிக்கை. கலர் ஏற்றச் சொன்னால் கைம்பெண்ணின் வெள்ளைச் சேலைக்கு ரோஸ் நிறம் வரும். அடுத்த தலைமுறைக்கு அதுதான் அவருடைய முகம், அவருடைய உடை என்று ஆகிவிடும்.

தாத்தாவுக்கு ஒரு படம், பாட்டிக்கு வேறொரு படம்தான் இருக்கும். இரண்டையும் வெட்டி ஜோடியாக உட்கார வைத்துத் தருவது இங்கே ரொம்ப ஓடுகிற சேவை. சாமி கும்பிட வேண்டும், திவசத்துக்கு மாலை போட வேண்டும் என்பவர்களுக்கு அது வேண்டும்தான், அதில் தப்பில்லை. பிரிண்டின் முதுகிலும் ஃபைல் பேரிலும் 'சேர்த்துச் செய்தது' என்று எழுதினால் போதும்.

கடையில் கேட்டு வாங்க வேண்டியது ஒன்றுதான்: திருத்திய ஃபைலோடு திருத்தாத ஸ்கேனும். பிரிண்ட் மட்டும் தருவோம், ஃபைல் தரமாட்டோம் என்று சொல்கிற கடையில் பிரேம் வேலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஃபைலை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பச் சொல்லக் கூடாது. அது படத்தின் அளவைச் சுருக்குகிறது, ஃபைலுக்குள் எழுதிய குறிப்பையும் உதிர்த்துவிடுகிறது. டாக்குமெண்டாக அனுப்பலாம், இல்லாவிட்டால் பென் டிரைவ் கொண்டுபோய் வாங்கிக்கொள்ளலாம். வாங்கிய கையோடு கடைக் கம்ப்யூட்டரிலேயே 100 சதவீத அளவில் திறந்து கண்ணைப் பார்க்க வேண்டும். கண்மணி தெளிவாக இருந்தால் ஸ்கேன் சரி.

பிரிண்ட், லேமினேஷன், பிரேம்

சின்ன ஊர் ஸ்டுடியோக்கள் இரண்டு வழியில் பிரிண்ட் தருகின்றன: கோவை, ஈரோடு, சேலம் மாதிரி ஊர்களின் கலர் லேப்புக்கு அனுப்பி வாங்குவது, அல்லது கடையிலேயே இங்க்ஜெட்டில் அடிப்பது. அவசரத்துக்குக் கடை பிரிண்ட் பரவாயில்லை. அதில் பெரும்பாலும் ஓடுவது டை இங்க் (சாய மை). திறந்த காற்றிலும் வெயில் படும் சுவரிலும் சீக்கிரம் நிறம் மாறும். சுவரில் மாட்டுவதற்கு லேப் பிரிண்ட்டே கேட்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தைக் கலர் பேப்பரில் போடும்போது பச்சையோ ஊதாவோ லேசாக ஏறும். முதலில் ஒரு 4-க்கு 6 சாம்பிள் போட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பெரிசு போடச் சொல்லலாம். நல்ல லேப் இதற்கு முகம் சுளிக்காது.

லேமினேஷன் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது. எம்டிஎஃப் பலகையில் படத்தைப் பசை போட்டு ஒட்டி, மேலே பிளாஸ்டிக் ஃபிலிமைச் சூடாக அமுக்கி, ஓரத்தைச் சரிவாக இழைத்துத் தருவார்கள். கண்ணாடி இல்லை, உடையாது, விலையும் குறைவு. காப்பிக்கு நல்ல ஏற்பாடு. அசலை அதில் கொடுத்தால் கதை முடிந்தது. சூட்டில் ஜெலட்டின் இளகும், பசை முதுகு எழுத்தை மூடும், பிளாஸ்டிக்கை யாராலும் திரும்ப உரிக்க முடியாது. "காப்பி எதுக்குங்க, இதையே பண்ணிரலாம்" என்று கடையில் சொல்வது வழக்கம். அவர்களுக்கு ஒரு ஸ்கேன் மிச்சம்.

கண்ணாடி பிரேம் போடும்போது மவுண்ட் அட்டை வைக்கச் சொல்ல வேண்டும். அது அழகுக்கு மட்டும் இல்லை, கண்ணாடிக்கும் படத்துக்கும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விடுவது அதுதான். பின்பக்கம் பழைய நியூஸ்பேப்பரும் மட்ட ரக அட்டையும் வைப்பது நம் பக்கத்துக் கடைகளின் நிரந்தர வழக்கம். அதிலுள்ள அமிலம் படத்தைப் பழுப்பாக்கும். அமிலமில்லாத அட்டை கிடைக்காவிட்டால், படத்துக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு பாலியெஸ்டர் தாளாவது வைக்கச் சொல்லலாம். செலோ டேப் எங்கேயும் படத்தைத் தொடக் கூடாது.

மாட்டும் இடத்துக்கும் இதில் பங்குண்டு. விளக்கு மாடத்துக்கு மேலே மாட்டினால் எண்ணெய்ப் புகையும் ஊதுபத்திக் கரியும் பிரேம் இடுக்கில் இறங்கும். கண்ணாடிமேல் வைக்கும் சந்தனம் குங்குமம் ஈரத்தோடு வழிந்து கீழ்ச் சட்டத்தில் தேங்கி, உள்ளே கசியும். பொட்டைச் சட்டத்தில் வைத்தால் பிரச்சினை இல்லை. கண்ணாடியில் நேராகத் தண்ணீர் தெளித்துத் துடைக்கக் கூடாது. துணியை நனைத்துப் பிழிந்து துடைக்கலாம். மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம். பிரேமின் கீழ் மூலைகளில் பின்னால் இரண்டு கார்க் துண்டு ஒட்டினால் காற்று போகும், இராமபாணப் பூச்சி அண்டாது. பசையும் ஜெலட்டினும் அதற்கு விருந்து.

ஆல்பங்களில் மிக மோசமானது, பசைக் கோடு போட்ட தாளின்மேல் பிளாஸ்டிக் விரித்து மூடும் எண்பதுகளின் ஆல்பம். பசை மஞ்சளாகிப் படத்தைக் கவ்வியிருக்கும். ஒரு மூலை தானாகத் தூக்கினால் பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலைப் படத்தின் அடியில் விட்டு மெதுவாக அறுத்து எடுக்கலாம். அசையாவிட்டால் தாளோடு சேர்த்து ஸ்கேன் செய்துவிட்டு அப்படியே விடுவது உத்தமம். புதிதாக வாங்கும் கவர் ஆல்பத்தை மூக்கருகே வைத்துப் பார்க்கலாம்; புது ரெக்ஸின் வாடை அடித்தால் பிவிசி, வேண்டாம். பாலிபுரொப்பிலீன் என்று எழுதியது தேறும். பல படங்களைச் சேர்த்துப் பக்கம் பக்கமாக அச்சடித்துக் கட்டும் இன்றைய கரிஸ்மா ஆல்பம் பார்க்கப் பிரமாதம், ஆனால் ஒட்டுவேலை. ஒரு பக்கம் கெட்டால் தனிப் படம் என்று ஒன்று இருக்காது. அதனால் கல்யாணத்துக்கு ஆல்பம் பேசும்போதே முக்கியமான ஐம்பது படத்துக்குத் தனித்தனிப் பிரிண்ட்டும், எல்லா ஃபைலும் ஹார்ட் டிஸ்க்கில் வேண்டும் என்றும் பேசிவிட வேண்டும்.

பேர் எழுதுவது

எந்தக் கடையும் செய்து தராத, காசு செலவில்லாத வேலை. படத்தின் பின்னால் 'அப்பாரு' (அப்பாவின் அப்பா), 'அப்புச்சி' (அம்மாவின் அப்பா), 'அம்மாயி' (அம்மாவின் அம்மா) என்று எழுதி வைத்திருப்பார்கள். எழுதியவருக்கு அப்பாராக இருந்தவர் அத்தை பிள்ளைக்கு அப்புச்சி. எழுதியவர் போன பிறகு யாருக்கு அப்பாரு என்று கேட்க ஆளிருக்காது. பேர், தகப்பனார் பேர், ஊர், தோட்டத்துப் பேர் என்று எழுதினால்தான் நிற்கும். தாத்தன் பேரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தில் அதே பேர் ஒரு தலைமுறை விட்டுத் திரும்ப வரும், அதனால் வெறும் பேரும் போதாது. தோராயமான வருஷமும் வேண்டும்; தெரியாவிட்டால் '1950-கள்' என்றாவது.

கல்யாணப் படத்தில் ஒரு சிக்கல் நம் பக்கத்துக்கே உரியது. இணைச்சீர் என்ற கல்யாணச் சடங்கின் படத்தில் மாப்பிள்ளை பக்கத்தில் பட்டும் நகையுமாக இருப்பது அவருடைய உடன்பிறந்தவள். சடங்கு தெரியாத மூன்றாம் தலைமுறை அவரைத்தான் மணப்பெண் என்று எண்ணி வம்ச வரிசையில் ஏற்றிவிடும். சீர் செய்துவைக்கும் அருமைக்காரரைப் பெண்ணின் தகப்பனார் என்று எழுதிய படங்களும் உண்டு. சீரின் பேரையும் சேர்த்து எழுதினால் இந்தக் குழப்பம் தீரும்.

நார்க் காகிதப் படமாக இருந்தால் 2பி பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதலாம். பிளாஸ்டிக் பூச்சு உள்ள கலர்ப் படத்தில் பென்சில் பிடிக்காது; தனிச் சீட்டில் எழுதிக் கவருக்குள் வைக்க வேண்டும். பால்பாயிண்ட் பேனா முகத்தில் கோடாக எழும்பும். குரூப் போட்டோவுக்கு ஸ்கேனை ஏ4-ல் அடித்து, தலைக்கு ஒரு எண் போட்டு, பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுவது சுலபம். கம்ப்யூட்டரில் டிஜிகாம் என்ற இலவச மென்பொருள் படத்துக்குள்ளேயே தமிழில் குறிப்பு எழுத விடுகிறது. ஃபைல் எங்கே போனாலும் குறிப்பும் கூடப் போகும், வாட்ஸ்அப் போட்டோவாகப் போகாத வரை.

எங்கே வைப்பது

டிஃப் ஃபைல் ஒன்று 26 எம்பி என்றால் கூகுளின் இலவச 15 ஜிபியில் ஐந்நூற்றுச் சொச்சம் படம்தான் அடங்கும், அதில் மெயிலும் சேர்த்தி. 'ஸ்டோரேஜ் சேவர்' என்ற அமைப்பில் ஏற்றினால் 16 மெகாபிக்சலுக்குச் சுருக்கிவிடும். குரூப் போட்டோ அதில் அடிபடும். ஒரு ஹார்ட் டிஸ்க் வீட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில், ஒரு தொகுப்பு இணையத்தில் என்று மூன்று இடம் இருக்கட்டும். பென் டிரைவ் கொண்டுபோய்க் கொடுக்க மட்டும். சும்மா வருஷக்கணக்கில் கிடந்தால் அதில் எழுதியது அழிய வாய்ப்புண்டு.

அசல்களை பீரோவின் நடுத்தட்டில், வெளிச்சுவரை ஒட்டாத பக்கம் வைக்கலாம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை தொடங்கும், ஐப்பசி மழையில் பீரோவைப் பூட்டியே வைத்தால் அந்த நிலை சுலபமாக வந்துவிடும். பாச்சை உருண்டை படங்களோடு வேண்டாம்.

நெகடிவ் கிடைத்தால் அதற்கே முதலிடம், பிரிண்டை விடக் கூடுதல் விவரம் அதில்தான் இருக்கிறது. குடும்பத்துக்கு வழக்கமாகப் படம் எடுத்த ஸ்டுடியோ இன்னும் திறந்திருந்தால், பிரிண்ட் முதுகில் உள்ள எண்ணைச் சொல்லி நெகடிவ் கவரைத் தேடச் சொல்லலாம். பல ஸ்டுடியோக்கள் வெள்ளிக்காக நெகடிவை எடைக்குப் போட்டுவிட்டன. மிஞ்சியவை கைமாறும்போது போகின்றன. தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் திரட்டி டிஜிட்டலாக்கும் வேலையைப் பிரிட்டிஷ் லைப்ரரியின் உதவித் திட்டத்தின் கீழ் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் செய்திருக்கிறது, எனவே கடையை மூடுகிறவர்களுக்கு எடைக்கடை மட்டுமே வழி என்று இல்லை. கிடைத்த நெகடிவ் கவரைத் திறந்ததும் புளிக்காடி வாசனை அடித்தால் ஃபிலிமின் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது. அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வேறு டப்பாவில் வைத்துவிட்டு, ஸ்கேன் வரிசையில் அதையே முதலில் எடுக்க வேண்டும்.